முடிவு தெரிந்த மூன்று நிமிடங்கள்

கடலலை கரையை மெல்லத் தொடுகிறது. எந்த மொழியிலும் நேரடிப் பொருள் தராத நான்கு சொற்களை ஒரு கோரஸ் தணிந்த குரலில் உச்சரிக்கிறது. கேமரா நீர்ப்பரப்பை ஒட்டி வேகமெடுத்துப் பறக்கிறது. பூவெளியில் நிற்கும் இளம்பெண் உள்ளங்கையை விரிக்க, இதழ்கள் காற்றில் எழுகின்றன. அவை ஒரு வெள்ளை இறகாக மாறி வானேறி மறைகின்றன. மறைந்த இடத்திலிருந்து சுழன்றபடி ஒரு வாள் இறங்கி மண்ணில் குத்தி நிற்கிறது. அடுத்து இரண்டு இளைஞர்களின் வாட்சண்டை. வயலின்களும் பித்தளை ஊதுகருவிகளும் கோரஸும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறுகின்றன. ஒருவன் நெற்றியில் வாள் கிழிக்க, மற்றவன் திருப்பி வீச, இசையும் காட்சியும் தம் உச்சத்தில் வந்து சேர்கின்றன.

1999 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 8’ வீடியோ கேமின் தொடக்கக் காட்சி இது. இசை நோபுவோ உஎமட்சு. ஆர்கெஸ்ட்ராவுக்கு அதை விரித்து எழுதியவர் ஷிரோ ஹமகுச்சி. ‘லிபெரி ஃபதாலி’ என்ற இந்த லத்தீன் கோரஸ் பாட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஒத்திசைவு நீச்சல் போட்டியிலும் இது ஒலித்தது. கேமுக்காக எழுதப்பட்ட இசை நீச்சல் குளத்துக்குப் போனதில் வியப்பில்லை. இரண்டு இடங்களிலும் கடிகாரம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எந்த நொடியில் உடல் திரும்பும், எந்த நொடியில் எழும், எங்கே முடியும் என்பதெல்லாம் இசையமைப்பாளருக்கும் தெரியும், ஆடுபவருக்கும் தெரியும்.

வீடியோ கேமின் மற்றப் பகுதிகளில் அந்த வசதி கிடையாது. ஒரு குகையின் வாசலில் நிற்கும் ஆட்டக்காரர் உடனே உள்ளே நுழையலாம். தேநீர் போடப் போய்விட்டுப் பத்து நிமிடம் கழித்தும் வரலாம். அதுவரை இசை ஓய்ந்துவிடவும் கூடாது, உச்சத்துக்குப் போய்விடவும் கூடாது. அதனால்தான் கேம் இசையின் பெரும்பகுதி வட்டமாக எழுதப்படுகிறது. முடிவு வரும் இடத்தில் தொடக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காணக் கேம் உலகம் மிகவும் மெனக்கெட்டிருக்கிறது. 1991-ல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ கேமுக்காக, லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ‘ஐமியூஸ்’ என்ற முறையை உருவாக்கினார்கள். ஆட்டக்காரர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது, இசை துண்டுபடாமல் தாளக்கணக்குப் பிசகாமல் தானே வழுக்கி அடுத்த மெட்டுக்குள் நுழையும். அபாரமான கண்டுபிடிப்புதான். ஆனால் அதுவும் காத்திருக்கும் கலையே. ஆட்டக்காரர் முடிவெடுக்கும்வரை இசை காத்திருக்க வேண்டும்.

கதையை நகர்த்துவதற்காக இடையிடையே வரும் சினிமாட்டிக் காட்சிகள்தான் விதிவிலக்கு. அங்கே ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும்தான் முடியும். காலம் மறுபடி இசையமைப்பாளர் கைக்கு வந்துவிடுகிறது. மெல்லத் தொடங்கலாம், படிப்படியாக ஏறலாம், முழு ஆர்கெஸ்ட்ராவையும் கோரஸையும் இறக்கி ஓர் இடத்தில் நச்சென்று நிறுத்தலாம். பிரமாண்டமான ஆர்கெஸ்ட்ரா இசைக்கும் கேம் சினிமாட்டிக் காட்சிக்கும் இடையிலான நெருக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. போர், டிராகன், விண்கலம் என்ற பொருளெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. 1994-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 6’ முழுவதும் 3 மெகாபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கிவிட்டது. அது ஓடிய சூப்பர் ஃபேமிகாம் கருவியின் ஒலிப்பகுதிக்கு 64 கிலோபைட் நினைவகம். ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான் எழுப்ப முடியும். 1997-ல் அடுத்த கேம் மூன்று சிடிக்களில் வந்தது. அதன் இறுதிச் சண்டைக்கு எழுதிய ‘ஒன் விங்டு ஏஞ்சல்’ இசையில், அந்தத் தொடரிலேயே முதல்முறையாக உஎமட்சு மனிதக் குரல்களின் கோரஸைக் கொண்டுவந்தார். வரிகளில் பெரும்பாலானவை இடைக்கால லத்தீன் பாடல் தொகுப்பான ‘கார்மினா புரானா’விலிருந்து எடுத்தவை. அதே தொகுப்புக்குக் கார்ல் ஓர்ஃப் அமைத்த இசை 1937-ல் பிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறியது. 1981-ல் ஜான் பூர்மன் தன் ‘எக்ஸ்காலிபர்’ படத்தில் அதன் ‘ஓ ஃபார்ச்சுனா’ பகுதியைக் குதிரை வீரர்களின் பாய்ச்சலோடு சேர்த்த பிறகு, இரும்புக் கவசமும் லத்தீன் கோரஸும் பிரிக்க முடியாத இணையாகிவிட்டன. புரியாத மொழியில் பலர் சேர்ந்து பாடினால் ஊழின் குரல் போலக் கேட்கும் என்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். ஜான் வில்லியம்ஸ் 1999-ன் ‘ஸ்டார் வார்ஸ்’ வாட்சண்டைக்குச் சமஸ்கிருதச் சொற்களை எடுத்துக்கொண்டார். 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ கேமுக்கு டிராகன்களுக்கென்றே ஒரு மொழி புனையப்பட்டது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் பாடியதை மூன்று முறை பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொண்ணூறு பேர் பாடுவதாக ஒலிக்கச் செய்தார் ஜெரமி சோல்.

இன்னொரு பக்கம், ஹாலிவுட்டில் டிரெய்லர் இசை என்ற தனித்தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. படத்துக்கு இசையமைப்பவர் தன் வேலையை முடிக்கும் முன்பே டிரெய்லர் வெளியாக வேண்டியிருக்கும். எனவே டிரெய்லருக்கு இசை வேறெங்கிருந்தாவது வரவேண்டும். 2002-ல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் படத்தின் டிரெய்லரில் ஒலித்த இசை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். போதைப் பழக்கத்தைப் பற்றிய ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ படத்துக்காக க்ளின்ட் மான்செல் எழுதி, க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு தந்திக் கருவிகளில் வாசித்த இசை அது. அதற்கே முழு ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் சேர்த்து டிரெய்லருக்காகப் புதிதாக அமைத்தார்கள். ஹவார்ட் ஷோர் இசையமைத்த படத்துக்குள் அந்த மெட்டு ஓரிடத்திலும் வராது. ஆனால் அந்த டிரெய்லரைப் பார்த்தவர்கள் பலருக்கும் அந்தப் படத்தோடு அந்த இசைதான் ஒட்டிக்கொண்டது.

2006-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நார்வேக்காரர் தாமஸ் பெர்கர்சனும் நிக் ஃபீனிக்ஸும் சேர்ந்து ‘டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டிரெய்லர் நிறுவனங்களுக்கு மட்டும் இசை விற்பது அன்று அவர்கள் தொழில். கடைகளில் அவர்களுடைய ஆல்பங்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் இசை வெளியே கசிந்தது. கேம் காட்சிகளையும் வாள் ஏந்திய வீரர்களின் ஓவியங்களையும் ஒட்டி ரசிகர்கள் யூடியூபில் ஏற்றினார்கள். கேட்பவர் கூட்டம் பெருகியதைக் கண்ட இருவரும் 2010-ல் பொதுமக்களுக்காக ‘இன்வின்சிபிள்’ என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் உள்ள ‘ஹார்ட் ஆஃப் கரேஜ்’ இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தந்திக் கருவிகள் ஒரே சிறு சுரக்கோர்வையை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்க, அதன்மேல் முரசும் ஊதுகருவிகளும் கோரஸும் ஒவ்வொன்றாக ஏறிக்கொள்ளும். அதே ஆண்டு ஜனவரியில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ கேமின் வெளியீட்டு டிரெய்லருக்கு இந்த இசையையே போட்டார்கள். 2012-ல் போலந்திலும் உக்ரைனிலும் நடந்த யூரோ கோப்பைக் கால்பந்தில் வீரர்கள் மைதானத்துக்குள் நடந்துவந்தபோதும் இதுதான் ஒலித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘மாஸ் எஃபெக்ட் 2’ கேமுக்கு ஜாக் வால் என்ற தேர்ந்த இசையமைப்பாளர் இருந்தார். அவருடைய இறுதிப்போர் இசை இன்றும் ரசிகர்களால் கொண்டாடப்படுகிறது. அப்படியிருந்தும் டிரெய்லருக்கு வெளியார் இசை தேவைப்பட்டதற்குக் காரணம் அதன் வடிவம். டிரெய்லர் இசை முடிவதற்காகவே பிறந்தது. பொதுவாக அதில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஒற்றைச் சுரத்தோடு அமைதியான அறிமுகம், தாளம் நுழைந்து வேகமெடுக்கும் நடுப்பகுதி, எல்லாக் கருவிகளும் சேர்ந்த இறுதி ஏற்றம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு திடீர் நிறுத்தம் வரும். எடிட்டர் அந்த மௌனத்தில் ஒரு வசனத்தையோ ஒரு கண்சிமிட்டலையோ வைப்பார். முரசு, தந்தி, கோரஸ் எல்லாவற்றையும் தனித்தனித் தடங்களாகவும் கொடுப்பார்கள்; வேண்டாத இடத்தில் கோரஸை மட்டும் எடுத்துவிடலாம். கேம் ரசிகர்கள் தங்கள் வீடியோவுக்கு இந்த இசையைத் தேடிப் போனதும் இதனால்தான். நாற்பது மணி நேரம் வட்டமடிக்கும் இசைக்குள் வாழ்ந்தவர்களுக்கு, தாங்கள் வாழ்ந்த கதைக்கு ஒரு தொடக்கமும் ஏற்றமும் முடிவும் கொண்ட சுருக்கம் வேண்டியிருந்தது.

இப்படிக் காட்சியை வெட்டி இசையோடு தைக்கும் பழக்கம் கேம் ரசிகர்களின் வீடியோக்களுக்கு முந்தியது. 1982-ல் அமெரிக்காவில் ஓர் இளைஞர் இரண்டு விசிஆர்களை இணைத்து, ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் கொடூரமான போர்க்காட்சிகளை அன்பைப் போற்றும் பீட்டில்ஸ் பாட்டோடு சேர்த்தார். இன்றைக்கு எடிட்டிங் மென்பொருள் எல்லோர் கணினியிலும் இருக்கிறது. கையில் இருக்க வேண்டியது பொறுமையும் காதும்.

பொறுமை எதற்கு என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு கொண்ட இசை என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. நொடிக்கு 30 பிரேம் ஓடும் காட்சியில் அது சரியாக 15 பிரேம், கணக்கு இடிக்காது. வேகம் 140 தட்டானால் ஒரு தட்டுக்கு 12.86 பிரேம் வரும். பிரேமைப் பின்னமாக வெட்ட முடியாது. ‘13 என்று வைத்துக்கொள்வோம்’ என்று நினைத்து ஒட்டிக்கொண்டே போனால், 64 தட்டுகள் கழிந்ததும் படம் இசைக்கு 9 பிரேம் பின்தங்கியிருக்கும். கிட்டத்தட்ட 0.3 நொடி. வாள் கேடயத்தில் மோதும் கணத்திலேயே முரசு கேட்க வேண்டிய இடத்தில், முரசு அதிர்ந்து ஓய்ந்த பிறகு வாள் மோதும். காரணம் சொல்லத் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ சொதப்பல் என்று தெரிந்துவிடும். எனவே தேர்ந்த கைகள் டைம்லைனில் ஒலியலையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தனியே குறியிட்டு வெட்டுகின்றன. பலர் வெட்டைத் தட்டுக்கு ஓரிரு பிரேம் முன்னதாகவே வைக்கிறார்கள். புதிய படத்தைக் கண் பிடித்துக்கொள்ளச் சிறு அவகாசம் வேண்டும்.

காது எதற்கு என்பது இன்னும் நுட்பமான சங்கதி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு விழும் வீடியோ அரை நிமிடத்தில் சலித்துவிடும். இயந்திரம் செய்யும் வேலை அது. வெட்டை நிறுத்திவிட்டுக் காட்சிக்குள் இருக்கும் அசைவைத் தாளத்தோடு பொருத்துவதுதான் கடினம்: தலை திரும்புவது, கதவு திறப்பது, கால் மண்ணில் பதிவது. பிரெஞ்சு ஒலி ஆய்வாளர் மிஷேல் ஷியோன் 1990-ல் எழுதிய நூலில், ஒரே கணத்தில் நிகழும் ஒலியையும் காட்சியையும் மனம் ஒரே நிகழ்வாகத் தைத்துவிடுகிறது என்று விளக்கினார். அவர் பார்வையில், ஒலியும் படமும் எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டியதில்லை. பொருளுள்ள சில சந்திப்புப் புள்ளிகள் போதும். அவற்றுக்கு இடையே இரண்டும் தத்தம் போக்கில் ஓடலாம். நல்ல ரசிக வீடியோக்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் உழைப்பு புரியும்.

இசை காட்சியின் பொருளையே மாற்றும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் உண்டு. 1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவை மட்டும் நகரும் குறும்படம் ஒன்றைத் தயாரித்தார்கள். பார்த்தவர்கள் அந்த வடிவங்களுக்குள் கோபத்தையும் பயத்தையும் விரட்டலையும் கண்டார்கள். 1988-ல் மார்ஷல், ஆனபெல் கோஹன் ஆகிய ஆய்வாளர்கள் அதே படத்துக்கு வெவ்வேறு இசையைப் போட்டுக் காட்டினார்கள். எந்த இசை ஒலித்ததோ அதற்கேற்ப அந்த முக்கோணங்களையும் வட்டத்தையும் பற்றிய பார்வையாளர்களின் மதிப்பீடு மாறியது. கண்ணும் மூக்கும் இல்லாத வடிவத்துக்கே இந்தக் கதி என்றால், முகமும் கவசமும் கதையும் கொண்ட ஒரு கேம் நாயகனுக்கு இசை என்னவெல்லாம் செய்யும்!

பிளிஸார்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ‘ராத் ஆஃப் த லிச் கிங்’ சினிமாட்டிக்கை இந்த வகையின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரு தந்தையின் குரல் கேட்கிறது. மகன் பிறந்த நாளைப் பற்றியும், அவன் நீதியின் ஆயுதமாக வளர்ந்ததைத் தான் பெருமையோடு பார்த்ததைப் பற்றியும் வாஞ்சையோடு பேசுகிறது. திரையில் அந்த மகன் ஆர்தஸ் பனிவெளியில் தனியே நடக்கிறான். வாளை உறைந்த பனியில் இறக்குகிறான். பனி பிளந்து எலும்பு டிராகன் எழுகிறது; செத்தவர்களின் படை கண்விழிக்கிறது. தந்தையைக் கொன்றவனே அந்த மகன்தான் என்பது முந்தைய கேமை ஆடியவர்களுக்குத் தெரியும். இசை இங்கே அடக்கி வாசிக்கிறது. குரலுக்கு வழிவிட்டுத் தாழ்ந்தே நடந்து, டிராகன் எழும் இடத்தில்தான் தன் பலத்தைக் காட்டுகிறது. முதல் நொடியிலிருந்தே முரசு முழங்கியிருந்தால் தந்தையின் அன்பு காதில் விழுந்திருக்காது. மகனின் வீழ்ச்சியும் மனத்தில் உறைத்திருக்காது.

பல ரசிக வீடியோக்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே நடந்து உச்சத்தில் முடிகிற இசையில் உச்சம் என்று எதுவும் இருக்காது. விளம்பர உலகம் இதைச் சீக்கிரமே உணர்ந்தது. 2006-ல் ‘கியர்ஸ் ஆஃப் வார்’ கேமின் விளம்பரத்தை இயக்கிய ஜோசப் கொசின்ஸ்கி, இடிந்த நகரில் தனியே ஓடும் ராட்சத உடல்வாகு கொண்ட போர்வீரனுக்கு ‘மேட் வேர்ல்ட்’ என்ற சோகப்பாட்டைப் போட்டார். மெல்லிய குரலும் பியானோவும்தான் அதில் முன்னிற்பவை. மறு ஆண்டு ‘ஹாலோ 3’ விளம்பரம் போர்க்களத்தைச் சிறு பொம்மைகளால் அமைத்து, அதன்மேல் ஷோபினின் ‘மழைத்துளி’ பியானோ இசையை ஓடவிட்டது. 2008 கான் விளம்பர விழாவில் உயரிய பரிசையும் பெற்றது. ஆர்கெஸ்ட்ரா வேண்டாம் என்பது இவற்றின் பாடமில்லை. ஆர்கெஸ்ட்ரா எப்போது நுழைய வேண்டும் என்று யோசிக்க இவை கற்றுத்தருகின்றன.

இசைக்காகப் படத்தை வெட்டுவதா, படத்துக்காக இசை எழுதுவதா என்ற கேள்வி 1938-லேயே எழுந்தது. ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படத்தில் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனும் இசையமைப்பாளர் ப்ரோகோஃபியேவும் இரண்டு வழியிலும் வேலை செய்தார்கள். சில காட்சிகள் வெட்டி முடித்த பிறகு இசை எழுதப்பட்டது; சில காட்சிகள் பதிவான இசைக்கேற்ப வெட்டப்பட்டன. உறைந்த ஏரியில் போர் தொடங்கும் முன் வரும் பன்னிரண்டு ஷாட்டுகளை இசைக்குறிப்புகளோடு ஒப்பிட்டு ஐசன்ஸ்டைன் விரிவான வரைபடமே போட்டார். 1947-ல் தத்துவவாதி அடோர்னோவும் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரும் இதைக் கண்டித்தார்கள். ஐசன்ஸ்டைன் படத்தோடு ஒப்பிட்டது தாளில் எழுதப்பட்ட குறியீட்டின் வடிவத்தைத்தான், காதில் விழும் இசையை இல்லை என்பது அவர்கள் வாதம். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், டைம்லைனில் ஒலியலையைப் பார்த்துப் பார்த்து வெட்டும் இன்றைய எடிட்டர்கள் அனைவரும் ஐசன்ஸ்டைனின் வாரிசுகள்தாம்; அடோர்னோவின் எச்சரிக்கையும் அவர்களுக்குப் பொருந்தும். அலை உயர்ந்திருக்கும் இடமெல்லாம் இசை உணர்ச்சியில் உயர்ந்த இடமாக இருந்துவிடாது.

உரிமைச் சிக்கல் இந்தக் கலையின் தலைக்குமேல் எப்போதும் தொங்குகிறது. காட்சி ஒருவருக்குச் சொந்தம், இசை இன்னொருவருக்கு. மைக்ரோசாஃப்ட் 2007-ல் தன் கேம் காட்சிகளை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த விதிகளை வகுத்து அனுமதி தந்தது. ஆனால் கேமின் இசையை அந்த அனுமதியில் சேர்க்கவில்லை. அதே 2007-ல் யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’ முறையைக் கொண்டுவந்தது. ஒலித்தடம் பொருந்தினால் இசையின் உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருவாயைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு விட்டுவிடலாம். இரவெல்லாம் கண்விழித்து வெட்டிய மூன்று நிமிட வீடியோ ஒரே நாளில் காணாமல் போகும் அபாயம் இதனால் எப்போதும் உண்டு. டிரெய்லர் இசையைத் தொழில் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனவர்கள் இதே ரசிகர்கள்தாம் என்பதை நினைத்தால், அவர்களுக்கென்று எளிதான உரிம ஏற்பாடு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

திரையில் நடந்தது மேடைக்கும் வந்தது. ‘டிராகன் குவெஸ்ட்’ கேமின் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா 1987-ல் டோக்கியோ சன்டரி ஹாலில் கேம் இசைக் கச்சேரியை நடத்தினார். 2005 ஜூலையில் ஜாக் வாலும் டாமி டல்லாரிகோவும் தொடங்கிய ‘வீடியோ கேம்ஸ் லைவ்’ ஹாலிவுட் பவுல் அரங்கில் அரங்கேறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மானிக் வாசிக்க, பின்னால் பெருந்திரையில் கேம் காட்சிகள் ஓடின. இப்படிப்பட்ட கச்சேரிகளில் நடத்துநரின் காதில் பெரும்பாலும் ஒரு ‘கிளிக்’ ஒலி ஓடிக்கொண்டிருக்கும். படம் யாருக்காகவும் காத்திருக்காது. நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா அந்தக் கிளிக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஷ்ரைன் அரங்கில் சோனி நிறுவனம் தன் கேம் அறிமுக விழாவையே ஆர்கெஸ்ட்ராவோடு தொடங்கியது. பேர் மெக்கிரியரி நடத்த, கோரஸும் கருவிகளும் முழங்க, திரையில் புதிய ‘காட் ஆஃப் வார்’ முதன்முறையாக வெளிப்பட்டது. கேம் கடைக்கு வந்தது 2018-ல்; அதன் இசைக்கான எதிர்பார்ப்பு இரண்டு ஆண்டு முன்பே எழுந்துவிட்டது.

காலத்தை மறுபடி ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஆர்கெஸ்ட்ராவை வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஆஸ்டின் வின்டரி இசையமைத்த ‘ஜர்னி’ என்ற 2012-ன் கேமை வைத்துச் சிகாகோவின் ஃபிஃப்த் ஹவுஸ் என்சாம்பிள் குழு அந்தச் சவாலை ஏற்றது. மேடையில் ஒருவர் உண்மையாகவே கேமை ஆடுவார். பாலைவன மணல்மேட்டில் அவர் நினைத்தால் நிற்பார், நினைத்தால் சறுக்குவார். இசையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியையும் தேவைப்படும் வரை நீட்டவும் சட்டென அடுத்ததற்குத் தாவவும் வசதியாகத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். இங்கே கிளிக் ஒலிக்கு வேலையில்லை. நடத்துநர் ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணை வாசிப்பவர்கள் மேலும் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் அடுத்து எங்கே போவார் என்று அந்தக் கணத்திலேயே கணித்துக் கையசைக்கிறார்.